ஒன்பது கரண்டி நேரம்

என் மாமனார் என்னைவிட முப்பத்தெட்டு வயது இளையவர். இருபத்தொரு வயதில் செத்துப்போனார், அதோடு அவர் வயது நின்றுவிட்டது. நான்தான் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறேன். கல்யாணமாகி சாங்ஜுவுக்கு வந்தபோதே நான் அவரைவிட இரண்டு வயது பெரியவள். மாமனாரைவிட மூத்த மருமகள் கொரியாவில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சர்க்கார் கணக்கெடுத்தால் நானும் கை தூக்குவேன்.

அவர் பெயர் நாம் உன்ஹாக். 1951இல் வடக்கோடு நடந்த சண்டையில் இஞ்ஜெ மலைப்பக்கம் செத்தார். கல்யாணமாகவில்லை, பிள்ளையில்லை. பிள்ளையில்லாதவனுக்கு யார் சோறு வைப்பது? அவருடைய அண்ணன், தனக்கு இரண்டாவதாகப் பிறந்த மகனைத் தம்பியின் மகன் என்று பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டார். அந்த இரண்டாவது மகன்தான் என் வீட்டுக்காரர் ஜோங்சிக். பெண் பார்க்க வந்தபோது இதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. "ரெண்டாவது பையன், திவசச் சமையல் எல்லாம் மூத்தவ தலையில" என்று என் அம்மா பூரித்துப்போய்க் கட்டிக்கொடுத்தாள். வந்து மூன்றாம் மாதமே உண்மை தெரிந்தது. முப்பத்தாறு வருடமாகச் சமைத்துக்கொண்டிருக்கிறேன்.

திதி, நிலாக் கணக்கில் ஐந்தாம் மாதம் இரண்டாம் நாள். சுவர்க் காலண்டரில் தேதிக்குக் கீழே எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்களே, அந்தக் கணக்கு. அது மே கடைசிக்கும் ஜூன் கடைசிக்கும் நடுவே வருடா வருடம் நகரும். நகராதது ஜூன் ஆறு. போரில் செத்தவர்களுக்காகச் சர்க்கார் வைத்த நாள். அன்றைக்குச் சியோலில் தேசியக் கல்லறைக்குப் போக வேண்டும். ஆக எனக்கு ஒரு மாமனாருக்கு இரண்டு நாள் வேலை. 2016ஆம் வருடக் காலண்டரை ஜனவரியில் மாட்டும்போதே பார்த்துவிட்டேன்: சிவப்பு ஆறுக்குக் கீழே சின்னதாக 5.2. இரண்டும் ஒரே நாளில்.

பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தச் சாக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும். இனி எல்லா வருடமும் ஜூன் ஆறு அன்றைக்குக் கல்லறையிலேயே படைத்துவிட்டு வந்துவிடலாம், வீட்டில் திவசம் வேண்டாம். எனக்கு ஐம்பத்தொன்பது ஆகிறது, முட்டி இரண்டும் போச்சு. என் மகன் சங்வூவின் பெண்டாட்டி ஆபீஸ் போகிறவள், எனக்குப் பிறகு அவள் செய்யப்போவதில்லை. ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சுருக்கிக்கொண்டுவிட்டார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அத்தைகிட்ட நீயே கேளு" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அத்தை என்றால் செத்தவரின் தங்கை சுன்ரியே. எழுபத்தெட்டு வயது, பக்கத்து ஊரான முன்க்யோங்கில் இருக்கிறாள். திதிக்கு மூன்று நாள் முன்பே பஸ் ஏறி வந்து என் அடுக்களையில் உட்கார்ந்துவிடுவாள். மீன் சின்னது, கீரை முற்றல், டோஃபு ஒரு பக்கம் கருகல். இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். நாள் விஷயத்தில்தான் அவளோடு பேசவே முடியாது. ஒரு வருடம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன், திதியை நான்கு நாள் தள்ளிப்போடலாம் என்றார் வீட்டுக்காரர். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது அத்தை தனியாளாக வந்து, என் வீட்டுப் பூட்டை உடைக்காத குறையாக உள்ளே போய், அத்தனையும் சமைத்துப் படைத்துவிட்டுப் போனாள். "அவன் வருஷத்துல ஒரு நாள்தான் வருவான். நாள் தப்பினா பட்டினியா திரும்பிப் போவான்" என்பாள். அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

ஜூன் நாலாம் தேதி, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்தை, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்கற விஷயமா இருந்தா கோவிச்சுக்குவேன். கேளு."

"இந்த வருஷம் ரெண்டும் ஒரே நாள். சமைச்சதை அப்படியே சியோலுக்குக் கொண்டுபோய் அங்கேயே படைச்சுட்டா என்ன? அவர் சாம்பலே அங்கதானே இருக்கு."

"அது சர்க்கார் நாள்டி. சங்கு ஊதறான், பீரங்கி வெடிக்கறான், ஜனாதிபதி வந்து பூ வைக்கறார். ஊர்ப்பட்ட கூட்டம். அந்தக் கூட்டத்துல ஒருத்தன் நிம்மதியா உக்காந்து சாப்பிட முடியுமா?"

"எல்லாரும் அங்க உக்காந்து சாப்பிடத்தானே செய்யறாங்க?"

"அவங்க எல்லாம் உயிரோட இருக்கறவங்க. உயிரோட இருந்தா எங்கேயும் சாப்பிடலாம்." ஒரு கீரைத்தண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "சர்க்கார் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நாள் வச்சிருக்கு. அவன் செத்தது அவனோட நாள்ல. வீட்டுச் சோறு வீட்லதான், அவன் நாள்லதான்."

அதோடு என் முடிவு முடிந்தது. இரண்டு நாளும் நின்றே சமைத்தேன். கோபத்தில் டோஃபுவைக் கொஞ்சம் அழுத்தித்தான் திருப்பிப் போட்டேன், அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

சமையலைவிட எனக்குப் பெரிய தொல்லை ஒன்பது கரண்டி நேரம். படையல் வைத்து, சோற்றில் கரண்டியைக் குத்தி நிறுத்தியதும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். வந்தவர் கூச்சப்படாமல் சாப்பிடுவதற்காக. ஒன்பது கரண்டி சோறு வாயில் போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு வீட்டு ஆண்பிள்ளை மூன்று தரம் இருமிவிட்டு உள்ளே போவார். சாப்பிடுகிறவர் வாயைத் துடைத்துக்கொள்ள அவகாசமாம். என் வீட்டுக்காரருக்குக் கால் மரத்துவிடும், ஐந்தாவது கரண்டியிலேயே தொண்டையைச் செருமுவார். அத்தை முறைப்பாள். முப்பத்தாறு வருடமாக இதே கூத்து.

ஜூன் ஆறு விடியற்காலையில் காரில் கிளம்பினோம். தெருவில் ஏழெட்டு வீட்டில் கொடியைக் கம்பத்தின் நுனிவரை ஏற்றாமல் ஒரு கொடி அகலம் கீழே இறக்கிக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் ரிடையரான சரித்திர வாத்தியார். வண்டி பெரிய ரோட்டைப் பிடித்ததுமே தொண்டையைக் கனைத்தார்.

"சர்க்கார் ஏன் ஜூன் ஆறைத் தேர்ந்தெடுத்துச்சு தெரியுமா?"

"முப்பத்தாறு வருஷமா தெரியும்" என்றேன்.

அதற்கெல்லாம் அசருகிறவரா? வார்கோதுமையை அறுத்துவிட்டு நெல் நடுகிற பருவம் இது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு ராஜா, போரில் செத்தவர்களின் எலும்பை இந்தப் பருவத்தில்தான் வீடுகளுக்கு அனுப்பி, திவசம் கொடுக்கச் சொன்னாராம். சண்டை ஓய்ந்தபின் சர்க்கார் ஒரு பொது நாள் தேடியபோது, 1956இல் அந்தப் பருவநாள் ஜூன் ஆறில் வந்ததாம், அதையே வைத்துக்கொண்டார்களாம். வருடா வருடம் ஒரு சொல் மாறாது.

பின் சீட்டிலிருந்து அத்தை சொன்னாள்: "எங்க வீட்டுக்கு எலும்பு ஒண்ணும் வரலடா. காகிதம்தான் வந்துச்சு. சாம்பல் நேரா சியோலுக்குப் போயிடுச்சு."

"அந்தக் காகிதம் இப்ப இருந்தா பத்திரப்படுத்தலாம் அத்தை. யாரு வாங்கினது? தாத்தாவா?"

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காகிதப் பேச்சு வந்தால் எப்போதும் அப்படித்தான். துக்கம் என்று நினைத்துக்கொண்டு நானும் பேச்சை மாற்றிவிடுவேன்.

வண்டியை எங்கேயோ தூரத்தில் நிறுத்திவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து எங்கள் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. கல்லுக்குக் கல் சின்னக் கொடியும் வெள்ளைச் சாமந்தியும். ஈரத்துணியால் மாமனாரின் கல்லைத் துடைத்தேன். முன்பக்கம் பெயர், பின்பக்கம் செத்த நாளும் இடமும்: 1951 மே 2, இஞ்ஜெ. அப்படியே பக்கத்துக் கல்லையும் துடைத்தேன். அதுவும் இஞ்ஜெதான், அதுவும் மே 2தான். பெயர் மட்டும் வேறு: பியோன் தால்சு. கடலோரத்துக் குன்சான் ஊர்க்காரர்.

கல்லறையிலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் உண்டு. வருடத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பாயைப் பாயோடு ஒட்டிப் போட்டு உட்கார்கிறோம், உறவுபோல ஆகிவிடுகிறது. தால்சுவின் அண்ணி வருவாள், அவளைக் குன்சான் அம்மா என்போம். கூடவே அவள் மருமகள் மியோங்ஜு. எங்கள் ஊர் காம் பழ வற்றல் நாடெங்கும் பெயர் போனது, நான் அதைக் கொடுப்பேன். அவள் காயவைத்த பன்னா மீன் கொடுப்பாள். இந்தக் கொடுக்கல் வாங்கலும் கல்லுக்குப் பின்னால் ஒளித்துத்தான். ஏனென்றால் இருபது வருடத்துக்கு முன்னால் எங்கள் அத்தைக்கும் குன்சான் அம்மாவுக்கும் பெரிய சண்டை. பாய் அரை சாண் இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். அரை சாணுக்கு அத்தை அன்றைக்குப் போட்ட கூச்சலில் காவலுக்கு நின்ற பட்டாளத்துப் பையன்களே திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கிழவிகள் இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

இந்த வருடம் மியோங்ஜு மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"மாமியார் வரலையா?"

"போயிட்டாங்கக்கா. இலையுதிர் காலத்துல. எம்பத்தேழு வயசு" என்றாள்.

அத்தை காதில் விழுந்தது. எங்கள் பாயை ஒரு சாண் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. நாடு முழுக்க ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடம் ரோட்டில் ஓடும் பஸ்ஸே நின்றுவிடும் என்பார்கள், நான் பார்த்ததில்லை, நான் எப்போதும் இங்கேதான் இருந்திருக்கிறேன். குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. பீரங்கிச் சத்தம் மட்டும் மலையில் முட்டித் திரும்பியது. அத்தை கண்ணை மூடவில்லை, கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சங்கு ஓய்ந்ததும் டப்பாக்களைத் திறந்தேன். மியோங்ஜு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, கல்யாண வீடு மாதிரி?"

"ராத்திரி திதி இருக்கே. அதுக்குச் சமைச்சதுல கொஞ்சம் எடுத்துட்டு வந்தேன். இந்த வருஷம் ரெண்டும் ஒரே நாள்ல வந்து என் முட்டியை வாங்கிடுச்சு."

"யாருக்குத் திதி?"

"இவருக்குத்தான்" என்று கல்லைக் காட்டினேன்.

மியோங்ஜு கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே மலைலதானேக்கா செத்தாங்க? எங்க சித்தப்பாவுக்குப் போன மாசமே முடிஞ்சு போச்சே. மூணாம் மாசம் இருபத்தேழு."

"அஞ்சாம் மாசம் ரெண்டுதானே? கல்லுலயே போட்டிருக்கே, அஞ்சு, ரெண்டு."

"அது சர்க்கார் கணக்குக்கா. பட்டாளத்துல ஏது நிலாக் கணக்கு?"

அஞ்சு, ரெண்டு. எங்கள் பாஷையில் மே மாதத்துக்கும் பெயர் ஐந்தாம் மாதம்தான். கல்லில் இருந்த எண்ணும் வீட்டில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்ததால் முப்பத்தாறு வருடமாக ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் துடைத்த கல், என் கையாலேயே துடைத்தது. வீட்டுக்காரர் போனை எடுத்து எதையோ தட்டினார். காது நுனிவரை சிவந்துபோனார்.

"1951 மே ரெண்டு... நிலாக் கணக்குல மூணாம் மாசம் இருபத்தேழுதான்."

"ஆயிரம் வருஷத்து ராஜா கதை எல்லாம் தெரியுது" என்றேன். "தேதி தப்பினா பிள்ளைங்களுக்கு மார்க் கொறச்சவர்தானே நீங்க?"

சொல்லிவிட்டு அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். கத்துவாள், மியோங்ஜுவை அடிக்கவே போவாள் என்று நினைத்தேன். அவள் பாயில் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள்.

அவளே சொன்னாள், புல்லைப் பார்த்துக்கொண்டே.

"எங்க வீட்ல படிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். பதிமூணு வயசு. காகிதம் வந்தன்னைக்குப் பெரியண்ணன் வயலுக்குப் போயிருந்தான், அவனுக்கும் எழுத்து தெரியாது. அப்பா என் கைல குடுத்து, படின்னார். நாலாயிரத்து இருநூத்து எம்பத்து நாலாம் வருஷம், அஞ்சாம் மாசம், ரெண்டாம் நாள்னு படிச்சேன். அப்ப அப்படித்தான் பழைய வருஷம் போட்டு எழுதுவாங்க. அம்மா தரைல கிடந்து உருண்டுட்டு இருந்தா. அப்பா கேட்டார், 'நம்ம கணக்கா, சர்க்கார் கணக்கா?'ன்னு. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொன்னா, பொட்டச்சியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி என்ன பிரயோஜனம்னு நிறுத்திடுவாரோன்னு பயம். 'நம்ம கணக்குதாம்ப்பா'ன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் எப்பதான் தெரிஞ்சுது?"

"கல்யாணமாகி நாலாம் வருஷம். என் வீட்டுக்காரரோட பட்டாளத்துக் காகிதங்களை அடுக்கி வச்சேன். எல்லாத்துலயும் சர்க்கார் கணக்கு. அன்னைக்கே ஓடிப்போய் அப்பாகிட்ட சொல்லியிருக்கலாம். ஆனா அதுக்குள்ள பத்து வருஷம் சோறு வச்சாச்சு. பத்து வருஷம் உங்க மகனைப் பட்டினி போட்டேன்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பத்து இருபதாச்சு. அப்பா போனார், அம்மா போனா. அப்புறம் யார்கிட்ட சொல்றது?"

"ஆனா நாள் தப்பக் கூடாது, தப்பக் கூடாதுன்னு என்னைப் போட்டு..." கோபமா அழுகையா என்று எனக்கே புரியவில்லை.

"நாளைத் தப்பா சொன்னவ நான். அந்தத் தப்பு நாளையாவது தப்பாம செய்யலாம்னுதான்."

வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார்: "சரியான நாள்ல நீங்களாவது உங்க வீட்ல ஒரு கிண்ணம் வச்சிருக்கலாமே அத்தை?"

"என் வீடு அவனுக்கு எப்படிடா தெரியும்? அவன் போறப்ப நான் பன்னெண்டு வயசுப் பொண்ணு. எந்த ஊர்ல வாக்கப்பட்டேன்னு யாரு அவனுக்குச் சொன்னா? வருஷா வருஷம் மூணாம் மாசம் இருபத்தேழுல சாங்ஜு வீட்டுக்குத்தான் வந்திருப்பான். வாசல்ல நின்னு பார்த்திருப்பான். விளக்கு இல்ல, மீன் வாசனை இல்ல. எல்லாரும் படுத்துத் தூங்கிட்டு இருந்திருப்போம். அறுபத்தஞ்சு வருஷம்." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. எழுபத்தெட்டு வயதுக்காரி சின்னப் பெண் மாதிரி வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். "பாய்க்காகவா நான் இவ மாமியார்கூடச் சண்டை போட்டேன்? உங்க வீட்ல எப்ப திதின்னு கேட்டா. அந்தப் பேச்சு வளர்ந்துடக் கூடாதுன்னு பாயைப் பிடிச்சு இழுத்தேன்."

மியோங்ஜு இதுவரை ஒரு துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். இப்போது எங்கள் பாய்க்கே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க அண்ணன் பட்டினியா போகல" என்றாள்.

அத்தை நிமிரவில்லை.

"எங்க வீட்ல அன்னைக்கு ரெண்டு கிண்ணம்மா. ரெண்டு கிண்ணம் சோறு, ரெண்டு கரண்டி. நான் கல்யாணமாகி வந்து பார்த்தப்ப, வீட்ல ரெண்டு பேர் செத்தாங்களோன்னு கேட்டேன். இல்லடி, பக்கத்துக் கல்லுக்காரப் பையன், அதே நாள்ல செத்தவன், நம்ம தால்சு தனியாவா வருவான், கூட்டாளியையும் இழுத்துட்டுத்தான் வருவான், ஒருத்தனை வாசல்ல நிறுத்திட்டு ஒருத்தனுக்கா போட முடியும்னாங்க என் மாமியார். கல்லு வச்ச காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"சண்டைக்கு அப்புறமுமா?" என்று கேட்டது நான்தான்.

"சண்டை போட்டுட்டுப் போன அடுத்த வருஷமும்தான். அந்தப் பொம்பளைக்கு வாய் ஜாஸ்தி, அதுக்கு அந்தப் பையன் என்ன பண்ணுவான்னு சொல்லிக்கிட்டே சோத்தை அழுத்தி வச்சாங்க."

அத்தை தலையைத் தூக்கினாள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. "என்ன வைப்பா?" என்று கேட்டாள்.

"பன்னா மீன் வேக வச்சு. கடல் பாசி சூப். வேர்க்கிழங்கு."

"கிழங்கு அவன் தொடமாட்டான்" என்றாள் அத்தை. "மீன் சாப்பிட்டிருப்பான்." திரும்பவும் அழுதாள். ஆனால் இது வேறு அழுகை.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப போன மாசமும் சாப்பிட்டிருப்பார்" என்றேன்.

மியோங்ஜுவின் முகம் மாறிப்போனது. துணியை எடுத்துத் திரும்பவும் மடித்தாள். "இந்த வருஷம் வைக்கலக்கா. மாமியார் போனப்புறம் என் வீட்டுக்காரர் சர்ச்சுல சேர்ந்துட்டார். படைக்கறதெல்லாம் கூடாதாம். அன்னைக்கு உக்காந்து ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணினோம், அவ்வளவுதான். நான் சமையல்கட்டுல நின்னு ரெண்டு கிண்ணத்தையும் எடுத்துப் பார்த்துட்டுத் திருப்பி வச்சுட்டேன்."

ஆக இந்த வருடம் இரண்டு பேருக்குமே இல்லை.

அத்தை மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "மருமகளே, நீ சொன்னது சரிதான். வீட்ல இனிமே வேண்டாம். நிறுத்திடு. ராத்திரியும் வேண்டாம். அவனோட நாளே இல்லாத நாள்ல யாரைக் கூப்பிட்டு என்னத்தை வைக்கறது? என்னாலதான் எல்லாம். உன் முட்டியாவது மிஞ்சட்டும்."

இந்த வார்த்தைக்காக நான் முப்பத்தாறு வருடம் காத்திருந்தேன். வீட்டுக்காரர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. குன்சானில் ஒரு மனுஷி, எங்கள் வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவள், எங்கள் அத்தையிடம் வசவும் வாங்கிக்கொண்டு, என் மாமனாருக்குச் சோற்றை அழுத்தி வைத்திருக்கிறாள். நானானால் டோஃபுவை அழுத்தித் திருப்பிக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது.

"டோஃபு பொரிச்சாச்சு, கீரை வேக வச்சாச்சு, சூப் கொதிச்சாச்சு" என்றேன். "இப்ப வந்து வேண்டாம்னா யார் சாப்பிடறது? ரெண்டு பேர் பசியோட இருக்காங்க, நீங்க தேதி பேசிக்கிட்டு இருக்கீங்க. எந்திரிங்க அத்தை. நாலு மணிக்குள்ள வீட்ல இருக்கணும்."

"ரெண்டு பேரா?"

"பின்னே? ஒருத்தனை வாசல்ல நிறுத்திட்டு ஒருத்தனுக்கா போடறது?"

மியோங்ஜு எழுந்து தன் பையிலிருந்து காயவைத்த பன்னா மீன் கட்டை எடுத்தாள். இந்தத் தடவை கல்லுக்குப் பின்னால் ஒளிக்காமல், அத்தை கையிலேயே கொடுத்தாள். எனக்கென்று கொண்டுவந்தது. அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது தால்சுவின் கல்லைத் தன் கழுத்தில் கிடந்த துண்டாலேயே ஒரு தரம் துடைத்துவிட்டு வந்தாள்.

வழியெல்லாம் வண்டி நெரிசல். என் வீட்டுக்காரர் சரித்திரம் ஒன்றும் பேசவில்லை. பாதி வழியில் நான்தான், "அடுத்த வருஷம் மூணாம் மாசம் இருபத்தேழு, காலண்டர்ல குறிச்சு வைங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

வீட்டுக்கு வரும்போது ஐந்தாகிவிட்டது. மீனைக் கழுவி வேகவைத்தேன், கடல் பாசி சூப் ஒரு சட்டி வைத்தேன். வேர்க்கிழங்கை ஒரு தட்டில் வலது ஓரமாக வைத்தேன், குன்சான்காரர் பக்கம். வீட்டுக்காரர் மையும் தூரிகையும் எடுத்து, வருகிறவர் பெயரைக் காகிதத்தில் எழுத உட்கார்ந்தார். முதல் காகிதம் வழக்கம்போல முடிந்தது. இரண்டாவதில் தூரிகையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"வேற வம்சத்து ஆளை நாம எப்படிக் கூப்பிடறது? இதுக்கு முறையே இல்லையே."

"தேதியையே கோட்டை விட்ட வாத்தியார் முறை பேசறான்" என்றாள் அத்தை. "குன்சான் தால்சுன்னு எழுதுடா. அவனுக்குப் புரியும்."

அப்படியே எழுதினார்.

இருட்டியதும் விளக்கை ஏற்றி, வாசல் கதவை விரியத் திறந்துவைத்தோம். இரண்டு கிண்ணம் சோறு. இரண்டையும் நான்தான் வைத்தேன், நன்றாக அழுத்தி. மதுவை ஊற்றி, விழுந்து கும்பிட்டு எழுந்தார் வீட்டுக்காரர். அத்தை கும்பிட்டுக் குனிந்தவள் எழுந்திருக்க நேரமாயிற்று. தரையோடு தரையாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பிறகு சோற்றில் கரண்டிகளைக் குத்தி நிறுத்தி, வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினோம்.

கூடத்தில் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். என் முட்டி வலித்தது. ஐந்தாவது கரண்டி ஆகியிருக்கும், என் வீட்டுக்காரர் காலை மாற்றி நின்றார். ஒன்பதாவது ஆயிற்று. அவர் தொண்டையைச் செருமி, இரும வாயைத் திறந்தார்.

அத்தை அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இருடா" என்றாள். "ரெண்டு பேர் சாப்பிடறாங்க."

அவர் இருமலை விழுங்கிக்கொண்டார். நாங்கள் நின்றோம்.